எத்தனை மழை தாங்கிய கரை?
புராஸ்டேட் அறுவைச் சிகிச்சையின் 120 ஆண்டு வரலாறு



மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது, ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றியோ, பட்டறையில் ராவிய இரும்பைப் பற்றியோ நான் எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போன சந்திப்பில் நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, மூத்த பேட்ச் அண்ணன்மார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் சர்க்கரை அளவைச் சொன்னார். இன்னொருவர் பைபாஸ் ஆபரேஷன் தழும்பைச் சட்டைப் பட்டனைக் கழற்றியே காட்டினார். ஒரே சிரிப்பும் கும்மாளமும்தான். அவர்களில் ஒருவர் மட்டும் என்னைத் தனியாகச் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தம்பி, உங்க அப்பாவுக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் ஆச்சாமே? இப்ப எப்படி இருக்கார்? எத்தனை வருஷம் தாங்கும்?"

"நல்லா இருக்கார்ண்ணே" என்று முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது அவர் அப்பாவைப் பற்றிய கேள்வியோ, என் அப்பாவைப் பற்றிய கேள்வியோ அல்ல, தன்னைப் பற்றியே கேட்கிறார் என்பது பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்குச் சொல்லத் தவறிய பதில்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை, இன்ஜினியர். ஆகவே இதை வைத்தியமாக எடுத்துக்கொள்ளாமல் வரலாறாகப் படியுங்கள்.

உறுப்பும் நோயும்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பைப்பில் மாட்டிய காலர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வயதாக ஆக இது பெருக்கும். பெருத்தால் குழாயை நெருக்கும், இரவில் நாலு தடவை எழுப்பும். இது புற்றுநோய் அல்ல. வயோதிகத்தில் பெரும்பாலோருக்கு வருவது.

புற்றுநோய் வேறு. அது பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குகிறது. குழாயை நெருக்குவதில்லை என்பதால் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. முதுகு வலி, இடுப்பு எலும்பு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நோய் எலும்புவரை போயிருக்கும். நம் நாட்டில் இன்றும் பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. 2022-ஆம் ஆண்டு உலகம் முழுவதும் சுமார் 14 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; சுமார் 4 லட்சம் பேர் இறந்தனர். இந்தியாவில் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வருகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பெருத்த சுரப்பிக்குச் செய்யும் ஆபரேஷனில் உள்பகுதியை மட்டும் சுரண்டி வழி ஏற்படுத்துவார்கள். புற்றுநோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தால் செய்யும் ஆபரேஷனில் சுரப்பி முழுவதையும், அதை ஒட்டிய விந்துப் பைகளையும் எடுத்துவிட்டு, சிறுநீர்ப் பையையும் குழாயையும் நேரடியாக இணைத்துத் தைத்துவிடுவார்கள். "பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே ஆபரேஷன்தான், மூணு நாள்ல வந்துட்டார்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் வெளியில் பேச நமக்கு ஏன் இத்தனை கூச்சம்? தந்தை பெரியார் தம் கடைசி ஆண்டுகளில் சிறுநீருக்கு டியூப் பொருத்திய நிலையிலேயே ஊர் ஊராய்ப் போய்ப் பொதுக்கூட்டம் பேசினார். அவருக்கு இருந்த உபாதை என்ன என்பதல்ல இங்கே பேச்சு. அதை மேடையிலேயே மறைக்காமல் இருந்தார் என்பதுதான். 1973 டிசம்பர் 24-ஆம் தேதி, 94-ஆம் வயதில், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். அவரைப் பார்த்த ஊரில் நாம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஒதுங்கிப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

1904: பால்டிமோரில் ஒரு தொடக்கம்

இந்த அறுவைச் சிகிச்சையின் கதை அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் தொடங்குகிறது. 1904 ஏப்ரல் 7-ஆம் தேதி ஹியூ ஹாம்ப்டன் யங் என்ற சர்ஜன், புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதுமாக எடுக்கும் ஆபரேஷனை அங்கே செய்தார். மார்பகப் புற்றுநோய் அறுவையில் பெயர் பெற்ற ஹால்ஸ்டெட் அவருக்கு உதவியாக நின்றார். கீழ்ப்பக்கமாக, தொடைகளுக்கு இடையே வழி செய்துகொண்டு போன ஆபரேஷன் அது.

அடுத்த பெரிய மாற்றம் லண்டனில் வந்தது. அயர்லாந்தில் பிறந்த டெரன்ஸ் மில்லின், அடிவயிறு வழியாக இடுப்பு எலும்புக்குப் பின்னால் இறங்கிச் சுரப்பியை அடையும் வழியை 1945-ல் வெளியிட்டார். புற்றுநோய்க்கும் அந்த வழி பின்னர் பயன்பட்டது.

இடையில் 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், இந்தப் புற்றுநோய் ஆண் ஹார்மோனை உண்டு வளர்கிறது, அதை நிறுத்தினால் சுருங்குகிறது என்று காட்டினார். பரவிவிட்ட நோயாளிகளுக்கு அது பெரிய வரம். இதற்காக 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 1966-ல் டொனால்ட் கிளீசன், நுண்ணோக்கியில் தெரியும் அமைப்பை வைத்துப் புற்றுநோயைத் தரம் பிரிக்கும் முறையை வெளியிட்டார். பயாப்ஸி ரிப்போர்ட்டில் "கிளீசன் ஸ்கோர்" என்று இன்றும் வருவது அவர் பெயர்தான். எது மெல்ல நகரும், எது பாயும் என்று ஊகிக்க அது உதவியது.

ஆனாலும் 1970-கள் வரை இந்த அறுவையை விரும்பிச் செய்தவர்கள் குறைவு. ஒன்று, நோய் தெரியவரும்போதே பெரும்பாலும் சுரப்பியைத் தாண்டியிருக்கும். இரண்டு, ரத்தம் வெள்ளமாகப் போகும். மூன்று, பிழைத்தவருக்குத் தாம்பத்திய சக்தி அநேகமாக நிச்சயமாகப் போய்விடும். பலருக்குச் சிறுநீர் அடங்காது. உயிரைக் காப்பாற்றி, வெளியில் தலைகாட்ட முடியாமல் செய்துவிட்டால் அது என்ன வைத்தியம் என்று டாக்டர்களே கேட்டார்கள்.

1981: லைடனில் ஒரு மாலை

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பாட்ரிக் வால்ஷ். முதலில் ரத்தப் போக்கைக் கட்டுப்படுத்தும் வழியைக் கண்டார். ரத்தம் தேங்காததால், அதுவரை இருட்டில் தடவிச் செய்ததைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடிந்தது.

1981 பிப்ரவரியில் ஒரு மாநாட்டுக்காக அவர் ஹாலந்திலுள்ள லைடன் நகரத்துக்குப் போனார். அங்கே பீட்டர் டோங்கர் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியர், இறந்து பிறந்த குழந்தையின் உடலில் நரம்புகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் இருந்தார். பெரியவர்களின் உடலில் கொழுப்பும் நாரும் நரம்புகளை மறைத்துவிடும். பச்சிளம் உடலில் தெளிவாகத் தெரியும். இருவரும் சேர்ந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆண்மைக்கான நரம்புகள் சுரப்பிக்குள் ஓடவில்லை. அதன் வெளி உறையை ஒட்டி ஓடுகின்றன! அப்படியென்றால், கவனமாக இருந்தால் நரம்பை விட்டுவிட்டுச் சுரப்பியை மட்டும் எடுக்கலாம்.

1982 ஏப்ரல் 26-ஆம் தேதி, 52 வயதுக்காரர் ஒருவருக்கு வால்ஷ் அந்த ஆபரேஷனைச் செய்தார். நவீன புராஸ்டேட் அறுவைச் சிகிச்சை அன்று பிறந்தது என்றால் மிகையாகாது. எல்லோருக்கும் ஆண்மை தப்பியது என்று இதற்குப் பொருளல்ல. வயதும் நோயின் இருப்பிடமும் குறுக்கே நிற்கும். ஆனால் "நிச்சயமாகப் போகும்" என்றிருந்தது "போகலாம், போகாமலும் இருக்கலாம்" என்று மாறியது.

அதே காலத்தில் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் வந்து சேர்ந்தது. சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதத்தின் அளவு அது. நோயாளியைத் தொடர்ந்து கண்காணிக்க 1986-லும், நோயைக் கண்டுபிடிக்க உதவுவதற்காக 1994-லும் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது. அறிகுறி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நோய் தெரியவந்தது. ஆபரேஷன்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது.

சரி, ஆபரேஷன் ஆச்சு. ஆனால் பிழைத்தார்களா? அதாவது, அறுவை செய்ததால்தான் பிழைத்தார்களா, செய்யாவிட்டாலும் பிழைத்திருப்பார்களா?

கடலுக்கடியில் கேபிளும் கட்டிலில் நோயாளியும்

இந்த இடத்தில் நம்ம துறை உள்ளே வருகிறது.

மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையை ஒரு முறை புதுப்பித்தார்கள். அந்த ஐப்பசி மழைக்குக் கரை நின்றது. ஊரே பாராட்டியது. மூன்றாம் வருஷம்தான் மடைக்குப் பக்கத்தில் கசிவு தெரிந்தது. ஒரு மழைக்கு நின்ற கரை எல்லா மழைக்கும் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. புராஸ்டேட் புற்றுநோயும் அப்படிப்பட்டதே. மெல்ல நகரும் நோய். 5 வருஷக் கணக்கு இதற்குப் போதாது. ஆனால் 20 வருஷம் காத்திருந்து எண்ணலாம் என்றால், அதற்குள் சிலர் மாரடைப்பில் போவார்கள், சிலர் ஊர் மாறிப் போவார்கள், சிலர் நேற்றுத்தான் ஆபரேஷன் செய்துகொண்டவர்களாக இருப்பார்கள். இவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

1950-களின் தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பால் மேயர் என்ற புள்ளியியலாளர் புற்றுநோயாளிகளின் ஆயுளை வைத்துக்கொண்டு இதே கேள்வியில் முட்டிக்கொண்டிருந்தார். அதே சமயம் பெல் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட் கப்ளான், கடலுக்கடியில் போடும் டெலிபோன் கேபிளில் சமிக்ஞையைப் பெருக்கும் வால்வுகள் எத்தனை காலம் உழைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கடலடியில் போட்டுவிட்டால் கழற்றி மாற்ற முடியாதே! இருவரும் பிரின்ஸ்டனில் ஜான் டூக்கியிடம் படித்தவர்கள். தனித்தனியாக எழுதிய கட்டுரைகளைச் சேர்த்தே எழுதும்படி பத்திரிகை ஆசிரியர் சொல்ல, சுமார் நாலு வருஷம் கடிதப் போக்குவரத்து நடந்து, 1958-ல் கப்ளான்-மேயர் முறை வெளியானது. அறிவியல் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அது ஒன்று.

முறை எளிது. நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். பத்துப் பேர் ஒரே கம்பெனி பம்பு மோட்டார் வாங்கினார்கள் என்று வையுங்கள். முதல் வருஷம் ஒன்று காயில் கருகியது. மீதி 9. பிறகு மூன்று பேர் தோட்டத்தையே விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். மோட்டார் என்ன ஆனது என்று தெரியாது. மீதி 6. இரண்டாம் வருஷம் அவற்றில் ஒன்று கருகியது. இரண்டு வருஷம் தாங்கும் வாய்ப்பு எவ்வளவு? "பத்தில் இரண்டுதானே கெட்டது, 80 சதவீதம்" என்பார் விற்பனையாளர். "தெரியாத மூன்றைத் தள்ளு, ஏழில் ஐந்து, 71 சதவீதம்" என்பார் வாங்கியவர். கப்ளானும் மேயரும் சொன்னது: முதல் வருஷம் பத்தில் ஒன்பது தாங்கியது, இரண்டாம் வருஷம் கண்ணெதிரே இருந்த ஆறில் ஐந்து தாங்கியது. இரண்டையும் பெருக்கு. 75 சதவீதம். போனவர்கள் போகும்வரை தந்த சாட்சியும் வீணாகவில்லை; போன பிறகு நடந்ததைப் பற்றிப் பொய்யும் சொல்லவில்லை.

டாக்டர்கள் "10 வருஷப் பிழைப்பு விகிதம்" என்று சொல்லும்போதெல்லாம் அதற்குப் பின்னால் இந்தக் கணக்கு நிற்கிறது.

29 ஆண்டுகள் பொறுத்த ஆய்வு

கணக்கு மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து நாட்டு டாக்டர்கள் அந்தத் துணிச்சலான காரியத்தைச் செய்தார்கள். 1989 முதல் 1999 வரை, நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்த 695 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். 347 பேருக்கு அறுவை. 348 பேருக்கு அறுவை இல்லை. தொந்தரவு வந்தால் மட்டும் மருந்து.

முதல் முடிவு 2002-ல் வந்தது. அப்போது சராசரியாக 6 ஆண்டுகள்தான் கடந்திருந்தன. இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் அறுவைப் பிரிவில் 16, காத்திருந்த பிரிவில் 31. ஆனால் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்களைக் கூட்டினால் இரு பிரிவுக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. "பார்த்தீர்களா, கத்தி வைத்து என்ன லாபம்?" என்று கேட்டவர்கள் உண்டு. அங்கேயே கணக்கை மூடியிருந்தால் அந்தப் பதில்தான் நின்றிருக்கும்.

மூடவில்லை. 2005-ல் மொத்த மரணத்திலும் வித்தியாசம் தெரியத் தொடங்கியது. 2018 டிசம்பரில், 29 ஆண்டு கண்காணிப்புக்குப் பிறகு வந்த முடிவு இது: அறுவைப் பிரிவில் 71 பேரும், காத்திருந்த பிரிவில் 110 பேரும் இந்த நோயால் இறந்திருந்தார்கள். அறுவை செய்துகொண்டவர்கள் 23 ஆண்டுக் கணக்கில் சராசரியாக 2.9 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

இந்த எண்களை இன்னொரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். 2017 கடைசிக்குள் அறுவைப் பிரிவின் 347 பேரில் 261 பேர் இறந்துவிட்டார்கள். அவர்களில் 71 பேரைத்தான் இந்த நோய் கொண்டுபோனது. மீதி 190 பேர் இதயம், பக்கவாதம், வேறு நோய்கள் என்று மற்ற காரணங்களால் போனவர்கள். ஆகவே ஆபரேஷன் செய்துகொண்டவர் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறந்துவிட்டு இந்த ஒன்றையே நினைத்துப் பயந்துகொண்டிருப்பது கணக்குப்படி தப்பு.

அடுத்தது பிரிட்டன். 1999 முதல் 2009 வரை பி.எஸ்.ஏ. பரிசோதனை மூலம் கண்டறியப்பட்டவர்களில் 1,643 பேர், கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டார்கள். 15 ஆண்டுகளுக்குப் பின் 2023-ல் வந்த முடிவில், மூன்று பிரிவும் சேர்ந்து இந்த நோயால் இறந்தவர்கள் 45 பேர்தான். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை! பிரிவு வாரியாகக் கண்காணிப்பில் 17, அறுவையில் 12, கதிர்வீச்சில் 16. உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. ஆனால் நோய் வேறிடம் பரவியவர்கள் கண்காணிப்பில் 51, அறுவையில் 26, கதிர்வீச்சில் 27. அறுவைக்கும் விலை இருந்தது. 7 முதல் 12 ஆண்டுகள் கழித்தும் அறுவை செய்துகொண்டவர்களில் 18 முதல் 24 சதவீதம் பேர் சிறுநீர்க் கசிவுக்குப் பேடு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு ஆய்வு அறுவைதான் மேல் என்கிறது, இன்னொன்று பொறுத்திருக்கலாம் என்கிறது. எது உண்மை? இரண்டும்தான். ஸ்வீடன் பக்கத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பி.எஸ்.ஏ. பரிசோதனை பரவுவதற்கு முன், கையால் தடவித் தெரியும் அளவுக்கு நோய் வளர்ந்த பிறகு வந்தவர்கள். பிரிட்டனில் சேர்ந்தவர்கள் பல ஆண்டுகள் முன்கூட்டியே பிடிபட்டவர்கள். இரண்டு கரைகளும் ஒரே மண் அல்ல. நம் ஊர் ஆட்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள்? பரிசோதனை செய்யாமல் தொந்தரவு வந்த பிறகு போகிறவர்கள் ஸ்வீடன் பக்கம்தான் நெருங்கி நிற்கிறார்கள் என்பது என் கணிப்பு.

நம் மண்ணில்

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று நினைக்க வேண்டாம். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை அவர் முப்பது ஆண்டுகள் சுமந்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அதே 1954-ல்தான் நம் மதுரை மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அடையாறை வளர்த்தார்கள். டாக்டர் சாந்தா 2021 ஜனவரி 19-ஆம் தேதி மறையும் வரை அதுவே அவர் வீடு.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் எச்.எஸ். பட் சிறுநீர்ப் பாதை அறுவைக்கென்று தனித்துறையை வளர்த்தார். பாண்டிச்சேரி ஜிப்மரில் படித்த திருச்சூர்க்காரர் மணி மேனன், அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் ஹென்றி போர்டு ஆஸ்பத்திரியில், 2000-ஆம் ஆண்டுக்குப் பின் ரோபோ உதவியுடன் புராஸ்டேட் அறுவை செய்யும் முறையை ஒழுங்குபடுத்தி உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றார். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022-ல் ரோபோ அறுவைச் சிகிச்சை தொடங்கப்பட்டது.

ஆனால் கருவியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கணக்கு. 1982-ல் அடையாறில் சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. அதன் ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் நோயாளிகளைப் பதிந்தார்கள், மாநகராட்சி இறப்புப் பதிவோடு ஒப்பிட்டார்கள், கடிதம் போட்டார்கள், பதில் வராவிட்டால் வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டினார்கள். நம் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில், கிராம மக்களுக்கென்றே ஒரு புற்றுநோய்ப் பதிவேடு 1990-களில் தொடங்கியது. அந்த மாவட்டத்தில் 114 ஊராட்சிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் மட்டும் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடத்தி, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்ததில், பரிசோதனை நடந்த ஊர்களில் அந்த நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது தெரிந்தது. 2007-ல் வெளியான அந்த முடிவை உலகமே எடுத்துக்கொண்டது. நம் கிராமத்து அம்மாக்கள் தந்த சாட்சி அது!

ஆண்கள் விஷயத்தில்தான் நாம் பின்தங்குகிறோம். ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறியதும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பைல் பரணில் ஏறிவிடும். வீடு மாறும், போன் நம்பர் மாறும், மகன் இருக்கும் ஊருக்குப் போய்விடுவார்கள். நலமாக இருப்பவர் வந்து "நலம்" என்று சொல்லாவிட்டால், அவர் தோட்டத்தை விற்றுவிட்டுப் போனவர் கணக்கில்தான் வருவார். அடுத்து வருகிற நோயாளிக்கு டாக்டர் எதை வைத்து நம்பிக்கை சொல்வார்?

அப்பாவின் டைரி

என் அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். 67-ஆம் வயதில் நோய் தெரிந்தது, சுரப்பிக்குள் அடங்கியிருந்தது, அறுவை நடந்தது. ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் சில மாதங்கள் சிறுநீர் அடங்கவில்லை. கல்யாணம் காட்சிக்குப் போக மறுத்தார். இடுப்புத் தசைப் பயிற்சியை விடாமல் செய்து மெல்ல மெல்லத் தேறினார்.

சுரப்பியையே எடுத்துவிட்டால் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். மறுபடி ஏறி, இரண்டு முறை 0.2 அல்லது அதற்கு மேல் காட்டினால் நோய் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பரிசோதனை. பால் கணக்கு எழுதும் டைரியின் கடைசிப் பக்கத்தில் அப்பா அந்த எண்களைத் தேதியோடு எழுதி வருகிறார். ரிப்போர்ட் வரும் நாளில் காலையிலிருந்து வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டோம். ஒரு தடவை அவர் டாக்டரிடம், "எனக்குப் பூரணமா சரியாயிருச்சுன்னு எப்ப சொல்லுவீங்க?" என்று கேட்டார். "இதுவரைக்கும் சரி சார். அடுத்த தடவை வாங்க, அப்பவும் அதையே சொல்ல ஆசை" என்றார் டாக்டர். அப்போது எனக்கு அது நழுவல் பதிலாகப் பட்டது. இந்த வரலாற்றைப் படித்த பிறகுதான் அதைவிட நேர்மையான பதில் இல்லை என்று புரிந்தது.

அந்த எண் ஏறிவிட்டால்கூட எல்லாம் முடிந்துவிடாது. 1982 முதல் 1997 வரை ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அறுவை செய்துகொண்ட 1,997 பேரைப் பின்தொடர்ந்து 1999-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சுமார் 15 சதவீதம் பேருக்குத்தான் பி.எஸ்.ஏ. மறுபடி ஏறியது. ஏறியவர்களிலும், உடனே ஹார்மோன் மருந்து தராமல் கவனித்தபோது, நோய் வேறிடம் பரவியது தெரிய நடுத்தரமாக 8 ஆண்டுகள் ஆயின. இன்று கதிர்வீச்சும் புது மருந்துகளும் அன்றைவிட அதிகம்.

அண்ணே, உங்களுக்கு

சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் கேட்ட அண்ணே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். "எத்தனை வருஷம் தாங்கும்?" என்றீர்கள். நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்தால் பெரும்பாலோருக்கு 10, 15, 20 வருஷம் என்பது சாதாரணமாகப் பேசக்கூடிய கணக்கு. பலரை இந்த நோய் கொண்டுபோவதே இல்லை. சிலருக்கு அறுவையே வேண்டாம், கவனித்துக்கொண்டிருந்தாலே போதும். உங்கள் கிளீசன் ஸ்கோர் என்ன, பி.எஸ்.ஏ. என்ன, வயது என்ன, மற்ற உடம்பு எப்படி என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். தேவையானால் இரண்டு டாக்டரைப் பாருங்கள். அவசரப்பட வேண்டாம், ஒளித்துக்கொள்ளவும் வேண்டாம். வீட்டில் அண்ணியிடம் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது துணைக்குக் கூப்பிட்டால் நான் வருகிறேன்.

மற்ற அண்ணன்மார்களுக்கு: 50 வயது தாண்டியிருந்தால் இந்தப் பரிசோதனை உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரிடம் ஒரு தரம் பேசிவிடுங்கள். அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே. எனக்கும் அந்தக் கணக்கு உண்டு. 45-ல் போகவேண்டும் என்று அப்பா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். 70 தாண்டியவர்களுக்கு அறிகுறி இல்லாமல் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க வல்லுநர் குழு 2018-ல் சொன்னதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள் பரணிலிருந்து பைலை இறக்குங்கள். நலமாக இருந்தாலும், ஏன், நலமாக இருப்பதாலேயே, குறித்த தேதியில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கண்மாய்க் கரையைக் கட்டியவர்கள் அதோடு போய்விடவில்லை. ஒவ்வொரு மழைக்கும் ராத்திரி அரிக்கேன் விளக்கோடு கரையில் நடந்து பார்த்தார்கள். அதனால்தான் கரை நின்றது. அப்பாவின் டைரியில் இதுவரை பன்னிரண்டு வரிகள் ஆகியிருக்கின்றன. பதின்மூன்றாவது வரி வரும் ஐப்பசியில்.

அடுத்த சந்திப்பில், வேப்பமரத்தடியிலேயே, சத்தமாகப் பேசிக்கொள்வோம்.